வளையம் இறங்கும் வரை

மட்டையைக் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு குலுக்கு. உள்ளே எதுவும் உருளவில்லை என்று தெரிந்ததும் ஷர்மிளா அதை மடியில் படுக்கவைத்து, வலது கட்டைவிரல் நகத்தால் நுனியிலிருந்து பிடி வரைக்கும் மெதுவாக ஒரு கோடு இழுப்பாள். நகம் எங்காவது மயிரிழை தயங்கினாலும் போதும். அங்கேயே நின்று, மட்டையை வெயிலுக்குக் காட்டி, உதட்டைக் குவித்து ஊதிப் பார்ப்பாள். கீறல் என்றால் தூசி பறந்துவிடும், விரிசல் என்றால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவள் கணக்கு. அதற்கும் பிறகுதான் இடுப்புப் பையிலிருந்து அந்த உலோக வளையம் வெளியே வரும்.

வளையத்தை அவள் தள்ள மாட்டாள். பார்க்கிறவர்களுக்கு அதுதான் வேடிக்கை. பருத்த முனை வானத்தைப் பார்க்க மட்டையை நிமிர்த்திப் பிடித்து, அதன் தலையில் வளையத்தைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். வளையம் தானாக வழுக்கி இறங்கிப் பிடியில் வந்து விழ வேண்டும். வழியில் நின்றால் நின்றதுதான். "தள்ளுனா எல்லாமேதான் இறங்கும். அப்பறம் வளையம் எதுக்கு?" என்பாள். எதிரே நிற்கும் பெண் பிள்ளைகள் அது இறங்கி முடியும்வரை மூச்சு விடுவதில்லை.

சாஃப்ட்பால் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது. பேர்தான் மெது, பட்டால் தெரியும். அதைக் கீழ்க்கையால் வீசுவார்கள். அடித்தவள் மூன்று மூலைகளைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ரன். மட்டை உருண்டையானது, பெரும்பாலும் உள்ளே வெற்றான உலோகக் குழாய். அது இவ்வளவு பருமனுக்கு மேல் போகக் கூடாது என்பதற்குத்தான் வளையம். அடி வாங்கி வாங்கிக் குழாய் நசுங்கிக் கோணினாலும் வளையம் காட்டிக்கொடுத்துவிடும். விரிசல் கூடாது, உள்ளே கடகடக்கக் கூடாது, கைப்பிடியின் உறை அடியிலிருந்து பதினைந்து அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இதில் ஒன்று தப்பிய மட்டையோடு ஒருத்தி அடிக்கும் கட்டத்துக்குள் கால் வைத்துவிட்டால், பந்து வீசுவதற்கு முன்பே அவள் அவுட்.

பள்ளிக்கூடப் போட்டிகளில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒழுங்கான மட்டை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்ததில் எவன் வளையம் போட்டுப் பார்ப்பான்? ஷர்மிளா வந்த பிறகு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அவளுடைய வார நாட்கள் தோலோடு கழிகின்றன. மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். தைத்து வரும் மேல்தோல்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உண்ணி கடித்த தடமோ, கத்தி பட்ட வெட்டோ, தடம் மாறிய தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் பிரிவின் வேலை. அம்பு ஒட்டிய உருப்படிகள் இரண்டு கூடைகளுக்குப் போகும். ஒன்று ரிஜெக்ட். அதில் விழுந்தது விழுந்ததுதான். மற்றது ரீவொர்க். பிரித்துத் தைத்தாலோ, ஓரம் சீவினாலோ தேறிவிடும் சரக்கு அதில் சேரும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் எதைப் பார்த்தாலும் ரிஜெக்ட் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார்கள். ஷர்மிளாவிடம் அதிகம் திட்டு வாங்குவது அவர்கள்தான். "தப்பு கண்டுபுடிக்கறது பாதி வேலதான்டி. இதுல எதக் காப்பாத்தலாம்னு பாக்கறது மீதி பாதி. அதுக்கும் சேத்துதான் சம்பளம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் அதே சிவப்பு அம்புகள் பள்ளி மைதானங்களுக்கு வந்துவிடும். கல்லூரி அணியில் ஆடியவள், நடுவர் தேர்வு எழுதித் தேறியவள். ஆனால் ஆட்டத்தின் நடுவே நின்று அவுட், நாட்-அவுட் சொல்வதில் அவளுக்கு ருசி இல்லை. ஆட்டம் தொடங்குமுன் மட்டைகளையும் தலைக்கவசங்களையும் சோதிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். தேறாத மட்டையில், தேறாத இடத்தில், குட்டியாக ஒரு சிவப்பு அம்பு. பிள்ளைகள் அவளுக்கு 'அம்பு அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்கிறாள்.

அந்தக் கட்டைவிரல் வீட்டிலும் ஓய்வதில்லை. கத்திரிக்காய் வாங்கினால் அதன் மேல் ஒரு நகக்கோடு. பேருந்தில் நின்றால் கம்பியின் மேல் ஒரு நகக்கோடு. தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போன இடத்தில், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புடவையை வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கணவன் ஜோசுவா கம்பெனி பஸ் ஓட்டுகிறான். சதா சிரித்த முகம். "இவ கண்ணுக்கு நான் எப்படி பாஸ் ஆனேன்னு எனக்கே தெரியல. அன்னிக்கு லைட் கம்மியா இருந்திருக்கும்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வான். முன் சீட்டிலிருந்து பதில் வரும்: "பாஸா? ரீவொர்க் கூடையில இருந்து எடுத்துட்டு வந்தேன்." பஸ் குலுங்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போது வலது உள்ளங்கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும்.

அந்தக் கைக்குக் காரணம் ஒரு பல். மேல்வரிசையில் முன்னால் இருக்கிறது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. வேலூரில் கல்லூரிக்காக ஆடிய நாளில் அவள் மூன்றாவது மூலையைக் காத்துக்கொண்டிருந்தாள். எதிரணிப் பெண் ஓங்கி ஒரு சுழற்று சுழற்ற, மட்டையின் முனை மூடி கழன்று பந்துக்கு முன்னால் பறந்து வந்தது. மூடி தளர்ந்திருப்பது அந்த அணியில் எல்லோருக்கும் தெரியுமாம். ஒரு மேட்ச்தானே, தாங்கும் என்று விட்டிருக்கிறார்கள். பல் போய் வேறு பல் வந்தது. "கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு" என்று மருத்துவர் சொன்னதைத்தான் அவளால் இன்றும் மறக்க முடியவில்லை. மட்டையைக் குலுக்கிப் பார்க்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வது சத்தம் கேட்க மட்டும் இல்லை.

இத்தனை கறார்க்காரியைப் போன குளிர்காலத்தில் பள்ளிகொண்டா மைதானத்தில் பார்த்திருக்க வேண்டும். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மண்டலப் போட்டி. அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில். மாதனூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி அணி முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. கோப்பையை வென்றால் மாநிலப் போட்டி. அந்தப் பள்ளியிலிருந்து ஒரு பெண்கூட விளையாட்டுக்காக மண்டல எல்லையைத் தாண்டியதில்லை. அணியில் பாதிப் பேரின் அம்மாவோ அப்பாவோ ஷர்மிளாவின் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ஜோசுவா, அனுமதி வாங்கி, கம்பெனி பஸ்ஸையே ஓட்டி வந்திருந்தான்.

அணியிடம் இரண்டே மட்டைகள். முதல் மட்டையைக் குலுக்கியதும் உள்ளே ஏதோ முனகியது. முனை மூடியில் நகத்தை வைத்தாள், அது அசைந்தது. பேச்சே இல்லை, சிவப்பு அம்பு. இரண்டாவது மட்டை பழசுதான், உடம்பெல்லாம் கீறல். ஆனால் விரிசல் இல்லை. வளையத்தைத் தலையில் போட்டுக் கையை எடுத்தாள். பாதியில், பந்து அதிகம் படும் இடத்தில், வளையம் நின்றது. அணித்தலைவி முத்துமாரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு நேரம். வளையம் மனம் மாறியது போல நழுவி, பிடியில் வந்து விழுந்தது.

"டைட்டா இருக்குது. ஆனா இறங்குது. இறங்குனா பாஸ்" என்றாள் ஷர்மிளா.

பக்கத்தில் தன் அணியின் மட்டைகளோடு காத்திருந்த காஷிஃப் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலூர்த் தனியார் பள்ளி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர். நல்ல ஆட்டக்காரர், நியாயஸ்தர், விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். "ஒரே ஒரு பேட்டா மேடம் அவங்களுக்கு? பேஜார்தான்" என்றார். அதில் கேலி இல்லை.

அந்த ஒரே மட்டையோடு பிள்ளைகள் அரையிறுதியை வென்றார்கள். முத்துமாரி அடித்த அடியில் பந்து வேலி தாண்டி வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் அவள் உள்ளங்கையைப் பார்த்த அவள் அப்பா காசிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பிடியின் உறை கிழிந்து தொங்கி, உலோகம் உரசி உரசிக் கை கொப்பளித்திருந்தது. காசிநாதன் அதே கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருப்பவர், வீட்டிலும் தைப்பவர். தோல் கத்தியும் ஊசியும் பசையும் அவர் பையை விட்டு இறங்காது. லைனிங்குக்கு வைக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகளும் அதில் எப்போதும் கிடக்கும். மற்றவர்கள் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து, பழைய உறையை உரித்தெறிந்துவிட்டு, மட்டைக்குப் புதுச் சட்டை தைத்தார்.

அங்கேதான் தொழில் குறுக்கே வந்தது. பழைய உறை முடிந்த இடத்துக்கு மேலே கொஞ்ச தூரம் அசிங்கமான கீறல்கள் இருந்தன. ஷூ தைக்கிறவன் கண்ணுக்கு அது பொறுக்காது. ஓரம் தெரியக் கூடாது, பிசிறு தெரியக் கூடாது, மூட வேண்டியதை மூடித்தான் முடிக்க வேண்டும். கீறல் மறையும் வரைக்கும் தோலை ஏற்றி, ஓரத்தைக் காகிதம் போலச் சீவி ஒட்டி, நுணுக்கமாகத் தையல் போட்டு முடித்தார். ஏற்றுமதிக்கே அனுப்பலாம், அப்படி ஒரு வேலை. பிள்ளைகள் வாங்கி வாங்கித் தடவிப் பார்த்தார்கள். முத்துமாரி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

காலையில் தேறிய மட்டை அன்று முழுவதும் தேறியதுதான் என்பது வழக்கம். அதனால் இறுதி ஆட்டம் தொடங்குமுன் யாரும் அதைத் திரும்பச் சோதிக்கவில்லை. எதிரே காஷிஃபின் அணி. வேலூர்ப் பிள்ளைகள் முதலில் அடித்து முடித்ததும், முத்துமாரி கட்டத்துக்குள் கால் வைத்து மட்டையைத் தோளுக்கு உயர்த்தினாள். கைப்பிடி வெயிலில் புதுச் செருப்பு போல மின்னியது.

காஷிஃப் கை உயர்த்தினார். ஆனால் அதற்கும் முன்னால் ஷர்மிளா டேப்பை உருவிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தாள். தோலைப் பார்த்து வயிற்றுப்பாட்டைக் கழிக்கிறவள். அந்த ஓரம் எங்கே முடிகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அளக்கும்போது டேப் பொய் சொல்லாதா என்றுதான் இருந்தது அவளுக்கு. பதினைந்து அங்குலத்துக்கு மேல் இரண்டு விரற்கடை. மறுபடி அளந்தாள். அதே இரண்டு விரற்கடை.

தலைமை நடுவர் செந்தில்குமார் அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா?"

"ஜாஸ்தி இருக்குது சார்."

"குழாய்ல கை வச்சிருக்காங்களா?"

"இல்ல சார். பிடிதான். வெளிய அனுப்ப வேணாம், அவுட் மட்டும் குடுங்க."

செந்தில்குமார் கட்டைவிரலை மடக்கிக் கை உயர்த்தினார். தனக்கு ஒரு பந்துகூட வீசப்படாத நிலையில் முத்துமாரி அவுட். என்ன நடந்தது என்றே புரியாமல் அவள் கொஞ்ச நேரம் கட்டத்துக்குள் நின்றாள். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் ஷர்மிளாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வந்த பெண்கள் பக்கம் ஒரே இரைச்சல். "தெனம் நம்மகூட வர்ற பொம்பள, பாரு எப்படி பண்றான்னு!" என்று ஒரு குரல். "நம்ம புள்ளைங்கன்னு ஒரு இது வேணாமா?" என்று இன்னொன்று. ஜோசுவா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். எல்லாவற்றையும்விட, காசிநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்ற நிற்புதான் அவளைக் குத்தியது. ஐம்பது வயது மனிதர், தப்பு செய்த பிள்ளை மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அசிங்கமா தெரிஞ்சுதும்மா. அதான் மூடிட்டேன். இதுக்கு ஒரு அளவு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. புள்ளைய நானே அவுட் பண்ணிட்டனே."

அடுத்த பெண் அடிக்க வர வேண்டும். அம்பு ஒட்டிய மட்டையைத் தொட முடியாது, இதையும் தொட முடியாது. மட்டையே இல்லாத அணியாக மாதனூர்ப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். செந்தில்குமார் தலையைச் சொறிந்தார். "பேட்ட ஓரமா வச்சுரும்மா. அவங்ககிட்ட கடன் கேக்கலாம், இல்லாட்டி..."

"சார், இது ரிஜெக்ட் இல்ல" என்றாள் ஷர்மிளா. குரல் அவளுக்கே பழக்கமான கம்பெனிக் குரலாக வந்தது. "ரீவொர்க்."

செந்தில்குமாருக்குப் புரியவில்லை. பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

"அவுட் அவுட்தான். அதுல மாத்தம் இல்ல. பிடியக் கொறச்சுட்டா பேட்டு செல்லும். கொஞ்சம் நேரம் குடுங்க சார்."

செந்தில்குமார் காஷிஃபைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். "குடுங்க சார். விதியில தப்பில்ல. பேட்டில்லாத டீம ஜெயிச்சுட்டு நான் ஊர்ல போய் இன்னான்னு சொல்றது?"

ஷர்மிளா மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். கொண்டையில் செருகியிருந்த சில்வர் பேனாவை உருவினாள். தோலில் வெட்டுக்கோடு போடும் பேனா அது, கம்பெனியில் எல்லோர் கையிலும் இருக்கும். டேப்பை வைத்து, பதினைந்தாம் அங்குலத்தில் தோலைச் சுற்றி ஒரு வெள்ளிக்கோடு போட்டு, மட்டையைக் காசிநாதனிடம் நீட்டினாள்.

"கோட்டுக்கு உள்ளயே வெட்டுங்கண்ணா. மேல போகக் கூடாது."

"நான் எப்பம்மா கோட்டத் தாண்டி வெட்டியிருக்கேன்?" என்றார் காசிநாதன். கொஞ்சம் உயிர் வந்திருந்தது குரலில்.

கத்தி ஒரே சுற்றாகச் சுற்றி வந்தது. அதிகப்படித் தோல் வளையலாகக் கழன்றது. ஓரத்தைச் சீவி, பசை தொட்டு, கட்டைவிரலால் அழுத்தி, அவிழ்ந்த தையலை இழுத்து முடிச்சுப் போட்டார். மறைத்து வைத்த கீறல்கள் எல்லாம் மறுபடி வெளியே தெரிந்தன. அவருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் திருப்பிக் கொடுத்தார். ஷர்மிளா அளந்தாள், நகக்கோடு இழுத்தாள், காதோரம் குலுக்கினாள். வளையத்தைப் போட்டுக் கையை எடுத்தாள். அதே இடத்தில் அதே தயக்கம். பிறகு இறங்கியது.

"பாஸ்" என்றாள். அந்த இரைச்சல் பெண்கள் கை தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சுலபமாக மன்னித்துவிடுகிற ஜாதி இல்லை அவள்.

அதன் பிறகு நடந்தது ஆட்டம். வேலூர்ப் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். வீச்சுக்காரி கையிலிருந்து பந்து புறப்படுவதே தெரியாது. மாதனூர்ப் பிள்ளைகள் விட்டதைப் பிடித்தும் பிடித்ததை விட்டும் தொங்கிக்கொண்டே வந்தார்கள். ஷர்மிளா வழக்கமாகச் சோதனை முடிந்ததும் டீ குடிக்கப் போய்விடுவாள். அன்று பெஞ்சை விட்டு எழவில்லை. மட்டையில் பந்து பட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் விரல் தொடையில் நகக்கோடு இழுத்தது. அவளுக்கு இரண்டு பயம். தான் கொடுத்த அவுட்டால் இந்தப் பிள்ளைகள் தோற்றுவிடக் கூடாது. அந்தப் பழைய குழாய் இன்னொரு பலத்த அடியில் கோணிவிடக் கூடாது. முதலாவது கடவுள் கையில், இரண்டாவது காலையில் தான் 'பாஸ்' சொன்ன வாயில். யார் ஜெயித்தாலும் சரி என்று நடுவில் உட்கார வேண்டியவள், மனசுக்குள் கொஞ்சமும் நடுவில் இல்லை.

கடைசிச் சுற்று. மாதனூர் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். இரண்டாவது மூலையில் ஒருத்தி, மூன்றாவது மூலையில் ஒருத்தி. இன்னும் ஓர் அவுட் விழுந்தால் கதை முடிந்தது. முத்துமாரியின் முறை மறுபடி வந்தது.

கட்டத்துக்கு வெளியே நின்று அவள் ஷர்மிளாவைப் பார்த்தாள். மட்டையைக் கிடையாகப் பிடித்து, பிடியையும் வெள்ளிக்கோடு இருந்த ஓரத்தையும் காட்டினாள். கேள்வியா, வீம்பா, தெரியவில்லை. ஷர்மிளா தலையை மட்டும் அசைத்தாள். முத்துமாரி கால் வைத்தாள்.

முதல் பந்தை விட்டாள். இரண்டாவதைச் சுழற்றிக் காற்றை அடித்தாள். மூன்றாவதில் மட்டை பந்தைச் சந்தித்த சத்தம் நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பந்து, வீச்சுக்காரியின் தலைக்கு மேல், ஓடி வந்த பெண்ணின் கைக்கு மேல், மைதானத்தின் புல்லில்லாத ஓரத்துக்குப் போய் உருண்டது. மூன்றாவது மூலையிலிருந்தவள் வந்து சேர்ந்தாள். இரண்டாவது மூலையிலிருந்தவள் புழுதியில் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள், பந்து அவளுக்குப் பின்னால் வந்தது. செந்தில்குமார் இரண்டு கைகளையும் அகல விரித்தார், இரண்டு ரன்னும் செல்லும்.

மாதனூர்ப் பக்கம் வெடித்தது. ஜோசுவா பஸ் ஹாரனை அழுத்தி எடுக்கவே இல்லை. காசிநாதன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். பெண்கள் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் வானத்துக்குப் போனது.

அந்தக் களேபரத்துக்கு நடுவே காஷிஃப் அமைதியாக நடந்து வந்தார். "வாழ்த்து மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலயே டைட்டுனு நீங்க சொன்னீங்க. இப்ப விழுந்த அடி சாதாரண அடி இல்ல. ஒரு தடவ பாத்துருங்க."

கேட்க அவருக்கு உரிமை உண்டு. வளையம் இறங்காவிட்டால் அடித்தவள் அவுட், வந்த ரன்கள் செல்லாது, கோப்பை வேலூருக்கு. ஷர்மிளா எழுந்தாள். மட்டை எங்கே என்று தேடினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. முதல் மூலையைத் தாண்டி நின்றிருந்த முத்துமாரி, தன்னை நோக்கி ஓடி வந்த தோழிகளிடம் சிக்காமல் விலகி, கட்டத்தருகே கிடந்த மட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஷர்மிளாவிடம் வந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள். "பாருங்கக்கா."

பஸ் ஹாரன் நின்றது. விஷயம் ஒவ்வொருவராகத் தெரிந்து கூட்டம் அடங்கியது. பந்து பட்ட இடத்தில் புதிதாக ஒரு வெள்ளைத் தழும்பு. ஷர்மிளா காசிநாதன் தைத்த தோலுறையைச் சுற்றி இடது கையை இறுக்கி மட்டையை நிமிர்த்தினாள். வளையத்தைத் தலையில் வைத்தாள். கையை எடுத்தாள்.

வளையம் இறங்கி, அந்தத் தழும்பின் மேல் வந்து நின்றது.

ஒரு விரல் போதும். யாருக்கும் தெரியாமல் லேசாகத் தட்டினால் போதும். அவள் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைத்துக்கொண்டாள். காஷிஃப் வளையத்தைப் பார்த்தார். முத்துமாரி வளையத்தைப் பார்க்கவில்லை, ஷர்மிளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் ஒரு லாரி வந்து, கடந்து, போனது.

வளையம் கொஞ்சம் சரிந்தது. சரிந்து, திரும்பி, தழும்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்து ஷர்மிளாவின் இடது கைமுஷ்டியின் மேல் விழுந்தது.

"இறங்கிடுச்சு" என்றார் காஷிஃப்தான் முதலில். சொல்லிவிட்டுத் தானே கை தட்டினார்.

பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் மொத்தமாக வந்து மோதினார்கள். 'அம்பு அக்கா' என்று முகத்துக்கு நேராகவே கத்தினார்கள். கொப்பளித்த கையால் முத்துமாரி ஷர்மிளாவின் வலது கையைப் பற்றி வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், விடுவதாக இல்லை. இடது கையில் மட்டை, அதன் மேல் வளையம். வாயை மூடிக்கொள்ள ஒரு கையும் மிச்சமில்லாமல், ஷர்மிளா அந்த வெள்ளைப் பல் தெரியச் சிரித்தாள்.